ஆளுக்கொரு பக்கம்

2025 பெப்ரவரி 24ஆம் திகதி ரொபேர்ட்டா ஃப்ளாக் இறந்துபோனார். 88 வயது. வானொலிகள் அன்று முழுக்க அவர் தனியாகப் பாடிப் பேரெடுத்த பாட்டுகளையே போட்டன. எனக்கென்னவோ 1972இல் டொனி ஹாதவேயோடு சேர்ந்து அவர் பாடிய இசைத்தட்டின் நினைவுதான் வந்தது. அதற்கென்று ஒரு தலைப்புக்கூடக் கிடையாது; இருவருடைய பெயருமே தலைப்பு. அலுமாரியின் அடித்தட்டில் கிடந்ததைத் தூசி தட்டி எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் ஓடி முடிந்த பிறகும் எழும்ப மனம் வரவில்லை. ஒரு நினைவு இன்னொன்றைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது.

ரொபேர்ட்டாவும் டொனியும் வொஷிங்டனில் உள்ள ஹவர்ட் பல்கலைக்கழகத்தில் சங்கீதம் படித்தவர்கள். ரொபேர்ட்டா 15 வயதிலேயே முழுப் புலமைப்பரிசிலோடு அங்கே நுழைந்தவர். டொனி பிறந்தது சிக்காகோவில். வளர்ந்தது சென்ட் லூயிஸில், கோஸ்பல் பாடகியான பாட்டியிடம். நடை பழகிய கையோடு தேவாலயப் பாடகர் குழுவில் நின்றவர். படித்த சங்கீதமும் தேவாலயத்துச் சங்கீதமும் கைவசம் இருந்தபடியால், குரலை உயர்த்தி ஒருவரையொருவர் வெல்ல வேண்டிய தேவை இருவருக்கும் இருக்கவில்லை. 'வேர் இஸ் த லவ்' என்ற பாட்டைக் கேட்டால் இது விளங்கும். போன காதல் எங்கே போனது என்று கேட்கிற பாட்டு. ஆனால் ஒப்பாரி இல்லை. நடந்துபோகும்போது கதைப்பதுபோல் லேசான தாளம். இருவரும் ஒரே வரியைச் சேர்ந்து சொல்கிறார்கள், ஒருவர் குரலை மற்றவர் மிதிப்பதில்லை. 1973இல் அந்தப் பாட்டுக்கு கிராமி விருது கிடைத்தது.

அதே தட்டில் ஒரு பழைய கிறிஸ்தவ கீதமும் உண்டு. காதல் பாட்டுகளுக்கு நடுவே அதைச் சேர்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியாது, ஆனால் அது துருத்திக்கொண்டு நிற்கவில்லை. கடைசியில் 'மூட்' என்று ஒன்று வருகிறது. ஏறக்குறைய 7 நிமிடம், வாத்தியம் மட்டுந்தான். இரண்டு பாடகர்கள் சேர்ந்து போட்ட தட்டை இருவருமே வாய் திறக்காமல் முடிக்கிறார்கள். அந்தத் துணிவுக்காகவே எனக்கு அந்தத் தட்டில் ஒரு பிடிப்பு.

டொனிக்கு மனநோய் இருந்தது. மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாகச் சில வருடங்கள் கழிந்தன. 1978இல் 'த க்ளோசர் ஐ கெட் டு யூ' என்ற பாட்டு இருவரையும் திரும்பவும் உச்சத்துக்குக் கொண்டுவந்தது. அந்த உற்சாகத்தில் இரண்டாவது தட்டுக்கு நியூயோர்க்கில் ஒலிப்பதிவு தொடங்கினார்கள். 1979 ஜனவரி 13ஆம் திகதி இரவு, தான் தங்கியிருந்த எசெக்ஸ் ஹவுஸ் ஹோட்டலின் 15ஆம் மாடியிலிருந்து விழுந்து டொனி இறந்தார். 33 வயது. அந்தத் தட்டுக்காக அவர் குரலில் முடிந்திருந்தவை இரண்டே பாட்டுகள். மிச்சத்தை அவரில்லாமலே நிரப்பி, அவர் பெயரையும் தலைப்பில் போட்டு, 1980இல் ரொபேர்ட்டா அதை வெளியிட்டார்.

இந்தவகைப் பாட்டுகள் முதன்முதலில் என் காதில் விழுந்தது ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில். எண்பதுகளின் பிற்பாதி, ரொறன்ரோ. இலங்கையில் 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்திறங்கிய எங்கட ஆட்கள் அனேகமானோர் கோப்பை கழுவித்தான் தொடங்கினார்கள், நானும் அப்படித்தான். குசினியின் மூலையில், எண்ணெய்ச் சட்டிக்கு மேலே ஒரு தட்டில், ஒரு பழைய கசெட் றேடியோ இருந்தது. எண்ணெய்ப் பிசுக்குப் படியாமல் இருக்க அதைச் சாப்பாடு மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றியிருப்பார்கள். பொத்தான்களைத் தாளோடு சேர்த்தே அமத்த வேண்டும். வாரக் கடைசியில் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவது என் பொறுப்பு. கசெட் மாற்றுவது மட்டும் என் பொறுப்பல்ல. அந்த உரிமை பெரிய குக்குக்கு உரியது.

அவர் வின்ட்ஸரில் பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர். அறுபதை நெருங்கியிருந்தார். நாங்கள் அவரை 'அண்ணை' என்று கூப்பிட, அது தமிழர் எல்லோருக்கும் பொதுப் பெயராக்கும் என்று நினைத்து அவரும் எங்களை 'அண்ணை' என்றே திருப்பிக் கூப்பிட்டார். கடைசிவரை யாரும் திருத்தவில்லை. கசெட்டுகளை ஊறுகாய் வந்த பிளாஸ்டிக் வாளி ஒன்றில் போட்டு வைத்திருந்தார். எல்லாம் வீட்டில் இசைத்தட்டிலிருந்து பிடித்தவை. ஒவ்வொரு கசெட்டிலும் ஒரு பக்கத்துக்கு ஒரு தட்டு.

வின்ட்ஸர் கனடாவின் கடைக்கோடியில் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் டெட்ரோயிட். நிலப்படத்தில் பார்த்தால் கனடா தெற்கேயும் அமெரிக்கா வடக்கேயும் கிடக்கும் விசித்திரமான இடம். அறுபதுகளின் கடைசியில் டெட்ரோயிட் நகரத்தின் காதைப் பிடித்து வைத்திருந்த வானொலி நிலையம் டெட்ரோயிட்டில் இருக்கவில்லை, வின்ட்ஸரில் இருந்தது. சி.கே.எல்.டபிள்யூ என்று பெயர். 800 கிலோஹேர்ட்ஸ், 50,000 வாட் சக்தி. எந்தப் பாட்டுப் போவது என்று தீர்மானித்தவர் றொசலி ட்றொம்ப்ளி என்ற பெண்மணி. அவர் தலையசைத்தால் ஒரு பாட்டு அமெரிக்கா முழுக்க ஏறும் என்று தட்டுக் கம்பனிகள் அவர் வாசலில் காத்துக் கிடந்தன. இலங்கை வானொலியைத் தமிழ்நாடு கேட்ட காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு இது ஒன்றும் புதினமாகப் படவில்லை. கடலோ ஆறோ, அலைவரிசைக்கு அது வேலியில்லை.

பெரிய குக் இளந்தாரியாக இருந்தபோது நத்தார்க் காலத்தில் ஆற்றைக் கடந்து டெட்ரோயிட் ஃபொக்ஸ் தியேட்டருக்குப் போவாராம். அந்த நகரத்து மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பனியின் பாடகர்கள் எல்லோரும் வரிசையாக வந்து பாடுகிற நிகழ்ச்சி அங்கே நடக்கும். அந்தக் கதைகளை வெங்காயம் வெட்டிக்கொண்டே சொல்வார். கத்தி நின்றால் பாட்டில் ஏதோ முக்கியமான இடம் வருகிறது என்று அர்த்தம்.

அவர் கத்தியை நிறுத்துகிற இடங்களில் ஒன்று 1960இல் டைனா வொஷிங்டனும் புரூக் பென்டனும் சேர்ந்து பாடிய பாட்டில் வரும். 'த டூ ஒஃப் அஸ்' என்ற தட்டு. பாடிக்கொண்டு போகையில் ஒருவர் மற்றவருடைய இடத்தில் புகுந்துவிடுகிறார். உடனே அது என்னுடைய இடம் என்று மற்றவர் பகிடியாகச் சொல்ல, இருவரும் சிரித்துக்கொண்டே பாட்டை இழுத்துப் பிடிக்கிறார்கள். வேறு கம்பனியாக இருந்தால் திருப்பிப் பாடச் சொல்லியிருக்கும். மேர்க்குரி கம்பனி அந்தச் சிரிப்பை அப்படியே தட்டில் விட்டுவிட்டது. பாட்டும் பெருவெற்றி கண்டது. பெரிய குக் ஈரக் கையோடு பிளாஸ்டிக் தாளுக்கு மேலால் பொத்தானை அமத்தி, நாடாவைப் பின்னுக்கு ஓட்டி, அந்தச் சிரிப்பை மாத்திரம் திரும்பத் திரும்பப் போடுவார். டைனா 1963 டிசம்பரில், 39 வயதில் இறந்துபோனார் என்பதையும் அவர்தான் சொன்னார்.

சோடிப்பாட்டு எங்கள் காதுக்குப் புதிதல்ல. சௌந்தரராஜனும் சுசீலாவும், பி.பி. ஸ்ரீனிவாஸும் ஜானகியும் என்று கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் எங்கள் பாட்டில் குரலுக்குப் பின்னால் ஒரு கதாநாயகனும் கதாநாயகியும் நிற்பார்கள். இது அப்படியல்ல, பாடுகிறவரே அந்த ஆள். சௌல் என்று சொல்லப்படுகிற இந்தவகைப் பாட்டின் வேர் கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் இருக்கிறது. அங்கே போதகர் ஒரு சொல் சொன்னால் சபை பதில் சொல்லும். பதில் வரும் என்ற நம்பிக்கையில்தான் அடுத்த சொல்லே பிறக்கும். அந்தப் பழக்கத்தை வெளியே கொண்டுவந்து ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்கு போட்டுக் கொடுத்ததுதான் சௌல் சோடிப்பாட்டு.

அதில் உச்சம் மோட்டவுன். பெரி கோர்டி என்ற இளைஞர், முன்னர் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தவர், 1959இல் குடும்பத்தார் சேர்த்து வைத்திருந்த நிதியிலிருந்து 800 டொலர் கடன் வாங்கித் தொடங்கிய கம்பனி. காரைப் போலவே பாட்டையும் ஆளுக்கொரு வேலையாகப் பிரித்தார்: ஒருவர் எழுதுவார், ஒருவர் வாத்தியத்தைப் பதிவார், ஒருவர் குரலைப் பதிவார், வெள்ளிக்கிழமை கூடி எது கடைக்குப் போகலாம் என்று வாக்கெடுப்பார்கள். மார்வின் கே அங்கே சேர்ந்தபோது மேடையில் நின்று மென்மையாகப் பாடும் பாடகராக வரவே ஆசைப்பட்டார். கம்பனி அவருக்கு ஒரு துணைக்குரல் தேடியது. 1964இல் மேரி வெல்ஸோடு 'டுகெதர்'. அதே வருடம் 21 வயது நிறைந்த கையோடு மேரி கம்பனியை விட்டுப் போய்விட்டார். 1966இல் கிம் வெஸ்டனோடு 'டேக் டூ'. அவரும் அடுத்த வருடம் போய்விட்டார். மூன்றாவதாக வந்தவர்தான் டாமி டெரல்.

டாமி ஃபிலடெல்ஃபியாப் பெண். 1945இல் பிறந்தவர், தோமசினா மொன்ட்கொமரி என்பது பெற்றோர் இட்ட பெயர். பதின்வயதிலேயே பாட வந்து, ஜேம்ஸ் பிரவுனின் குழுவிலும் பாடி, மோட்டவுனுக்கு வந்தபோது இருபதுதான். அவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர்களும் ஒரு சோடி: நிக் ஆஷ்ஃபோர்டும் வலரி சிம்ப்சனும். நிக் நியூயோர்க்குக்கு நடனக்காரனாக வரும் கனவோடு வந்து, இடமில்லாமல் பூங்கா வாங்கில் படுத்துறங்கியவர். ஹார்லெமில் ஒரு தேவாலயத்தில் 1964இல் வலரியைச் சந்தித்தார். இருவரும் எழுதிய 'ஏய்ன்ட் நோ மவுன்டின் ஹை இனஃப்' 1967இல் வெளிவந்து மார்வினையும் டாமியையும் ஒரே நாளில் சோடியாக்கியது.

அந்தப் பாட்டைக் கேட்காதவர்கள் குறைவு. மார்வின் தாழ்ந்த குரலில், கதைப்பதுபோல் தொடங்குவார். டாமி வந்து சேர்வார். அதன் பிறகு யார் வரியை யார் முடிக்கிறார்கள் என்று பிடிக்க முடியாது. ஒருவர் மூச்சு எடுக்கிற நேரத்தில் மற்றவர் அந்த இடத்தில் ஒரு சின்னச் சொல்லை வைப்பார். கீழே ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கித்தார் ஓர் இடத்தில் நில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரே ஒலிவாங்கியில் பாடியதென்று சத்தியம் செய்யலாம்.

அப்படி அல்ல என்று பெரிய குக் சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு நானாகத் தேடி வாசித்தபோதும் அதுதான் இருந்தது. டாமி தன் பங்கைத் தனியாகப் பாடிப் பதிவு செய்தார். மார்வின் வேறொரு நேரத்தில் வந்து, அவர் குரலைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டு, தன் பங்கை அதன்மேல் ஏற்றினார். 'யுனைட்டெட்' என்ற அந்த முதல் தட்டிலும் அடுத்ததிலும் உள்ள சில பாட்டுகள் டாமி தனிப்பாட்டாகப் பாடி வைத்தவை. மார்வினின் குரல் பிற்பாடு சேர்ந்தது. தனியாகப் பாடிய பெண் விட்ட இடைவெளிகளில், அவள் அங்கே நிற்பதாகவே நினைத்து ஓர் ஆண் பதில் சொல்லியிருக்கிறார்.

இது எனக்கு உடனே விளங்கியதற்குக் காரணம் வேறு. அந்தக் காலத்தில் ஊருக்குத் தொலைபேசி எடுப்பது காசுக்கும் கேடு, லைனும் கிடைக்காது. கடிதம் போதவில்லை. கசெட்டில் பேசி அனுப்புகிற வழக்கம் எங்கட ஆட்களிடம் வந்தது. ஒரு பக்கம் நான் பேசுவேன். போகிறவர் யாரிடமாவது கொடுத்துவிட்டால் ஒன்றிரண்டு மாதத்தில் கோண்டாவிலுக்குப் போய்ச் சேரும். மற்றப் பக்கத்தில் என் மனைவி பேசித் திருப்பி அனுப்புவாள். அவள் பேசுகிற விதம் ஒன்று இருந்தது. "அப்பா, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டுவிட்டு நிறுத்துவாள். உண்மையாகவே நிறுத்துவாள். கிணற்றுக் கப்பி சத்தம் கேட்கும், பக்கத்து வீட்டுச் சேவல் கேட்கும். நான் பதில் சொல்லி முடிக்கத் தேவையான நேரம் விட்டு, "ம்ம், சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போவாள். நான் இங்கே நிலக்கீழ் அறையில், படுக்கையில் இருந்துகொண்டு, அந்த இடைவெளியில் வாய்விட்டுப் பதில் சொல்வேன். கூட இருந்த பெடியன்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கும் கசெட் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அதனால், ஒரே அறையில் நிற்காத இருவர் சேர்ந்து பாடுவது எப்படி என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

1967ஐ விட்டுவிட்டு மோட்டவுனைப் பற்றிப் பேச முடியாது. அந்த வருடம் ஜூலை 23ஆம் திகதி டெட்ரோயிட்டில் பொலிஸ் நடத்திய ஒரு சோதனையில் தொடங்கிய கலவரம் ஐந்து நாள் எரிந்தது. 43 பேர் செத்தார்கள். இராணுவம் தெருவில் இறங்கியது. கம்பனி இருந்த தெருவுக்கு அது அதிக தூரமில்லை. 'யுனைட்டெட்' கடைக்கு வந்தது அதற்கு அடுத்த மாதம். எரிந்த தெருக்களில் வாழ்ந்த ஆட்கள் அந்தக் காதல் பாட்டுகளை வாங்கிப் போட்டுக் கேட்டார்கள். ஒரு ஜூலைக்குப் பிறகு ஆட்களுக்கு எப்படிப்பட்ட பாட்டுத் தேவைப்படும் என்பது கொழும்பில் இன்னொரு ஜூலையைக் கண்டவர்களுக்குத் தெரியும்.

அந்த ஒக்டோபர் 14ஆம் திகதி வேர்ஜீனியாவில் ஹாம்ப்டன்-சிட்னி கல்லூரி மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது டாமி மார்வினின் கைகளில் சரிந்து விழுந்தார். மூளையில் கட்டி. அதன் பிறகு சத்திரசிகிச்சைக்கு மேல் சத்திரசிகிச்சை, மொத்தம் எட்டு. இடையில் 1968இல் 'யூ ஆர் ஆல் ஐ நீட்', 1969இல் 'ஈஸி' என்று மேலும் இரண்டு தட்டுகள் வந்தன. கடைசித் தட்டில் பாடியது டாமியா, அல்லது வழிகாட்டிக் குரல் கொடுத்த வலரியா என்று ஒரு பேச்சு இன்றுவரை ஓய்வதில்லை. வலரி அதை மறுத்தே வந்திருக்கிறார். 1970 மார்ச் 16ஆம் திகதி டாமி இறந்தார். 25 ஆவதற்கு ஆறு வாரம் இருந்தது. மார்வின் இரண்டு வருடம்போல மேடைப் பக்கமே போகவில்லை. 1971இல் அவர் கொண்டுவந்த 'வட்ஸ் கோயிங் ஒன்' வேறொரு மனிதனின் குரல். 1984 ஏப்ரல் முதலாம் திகதி, 45ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், தகப்பன் கையாலேயே சுடப்பட்டு அவரும் போனார்.

அகதிக் கோரிக்கை முடிவாகாத காலத்தில் ஒருமுறை நண்பர்களோடு வின்ட்ஸர் போயிருந்தேன். 401 நெடுஞ்சாலையில் நாலு மணித்தியால ஓட்டம். ஆற்றங்கரையில் நின்றால் டெட்ரோயிட்டின் கட்டடங்கள் எட்டிப் பிடிக்கலாம் போல் இருக்கும். பாலமும் இருக்கிறது, ஆற்றுக்கு அடியால் சுரங்கப்பாதையும் இருக்கிறது. எங்களிடம் கடதாசி இல்லை. கையில் சோடாவோடு கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

கனடாக் கடவுச்சீட்டுக் கிடைத்த பிறகு பாலத்தால் போனேன். மேற்கு கிராண்ட் புலவார்டில் 2648ஆம் இலக்க வீடு. சாதாரண இரண்டு மாடி வீடு, நெற்றியில் 'ஹிட்ஸ்வில் யூ.எஸ்.ஏ.' என்று நீல எழுத்து. கம்பனி 1972இல் லொஸ் ஏஞ்சலீஸுக்குப் பெயர்ந்துவிட்டது. பெரி கோர்டியின் அக்கா எஸ்தர் 1985இல் வீட்டை அருங்காட்சியகமாக்கினார். மேலே உட்கூரையில் ஒரு துவாரம் இருக்கிறது. அதன் கீழே நின்று கை தட்டினால் சத்தம் மேலே போய்ச் சுற்றிவிட்டு வருகிறது. தட்டில் கேட்கிற எதிரொலிக்கு அதுதான் மூலம். கீழே சில படி இறங்கினால் ஸ்டூடியோ ஏ. காரை நிறுத்துகிற கொட்டகையை மாற்றிக் கட்டியது. கூரையிலிருந்து வயர்கள் தொங்கியபடியால் வாத்தியக்காரர்கள் அதைப் பாம்புக் கிடங்கு என்று கூப்பிட்டார்களாம். பதிவுக் கருவிக்கு முன்னால் நிலம் ஓர் இடத்தில் தேய்ந்து போயிருந்தது. பதிவு செய்கிறவர்கள் காலால் தாளம் போட்டுப் போட்டுத் தேய்ந்தது என்று வழிகாட்டிப் பெண் காட்டினாள். எல்லோரும் பியானோவைப் படம் எடுத்தார்கள். நான் அந்தத் தேய்ந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மோட்டவுனைப் பற்றிப் பேசி முடிக்கிற ஒவ்வொரு முறையும் பெரிய குக் மெம்ஃபிஸுக்குப் போய்விடுவார். டெட்ரோயிட்காரர்கள் சட்டை மடிப்புக் குலையாமல் பாடுகிறவர்கள், மெம்ஃபிஸ்காரர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பாடுகிறவர்கள் என்பது அவர் தீர்ப்பு. மெம்ஃபிஸில் மக்லெமோர் அவென்யூவில் ஒரு பழைய சினிமாத் தியேட்டரை வாடகைக்கு எடுத்து ஜிம் ஸ்டூவர்ட்டும் அவர் அக்கா எஸ்டெல் அக்ஸ்டனும் நடத்திய ஸ்டாக்ஸ் கம்பனியைத்தான் அவர் சொல்வார். நிறபேதம் கடுமையாக இருந்த ஊரில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வாத்தியக் குழுவில் இருந்து வாசித்த இடம். 1967 மார்ச்சில் அங்கிருந்து வந்த தட்டு 'கிங் அண்ட் குவீன்': ஓட்டிஸ் ரெடிங்கும் கார்லா தோமஸும்.

ஓட்டிஸ் ஜோர்ஜியா நாட்டுப்புறத்து ஆள். கார்லா மெம்ஃபிஸ் நகரத்துப் பெண், ஹவர்டில் ஆங்கிலம் படிக்கப் போனவர். அந்த வித்தியாசத்தை மறைக்காமல் அதையே பாட்டாக்கினார்கள். 'ட்ராம்ப்' என்ற பாட்டு முழுக்கச் சண்டைதான். நீ ஒரு பட்டிக்காட்டான், உடுக்கத் தெரியாது, தலைமயிர் வெட்டுவதில்லை என்று கார்லா அடுக்க, ஓட்டிஸ் தன்னிடம் இருக்கிற கார்களைச் சொல்லிச் சொல்லிச் சமாளிப்பார். பாட்டின் நடுவில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும். பின்னால் அல் ஜாக்சனின் ட்ரம் சிரிக்காமல் தன் வேலையைப் பார்க்கும். பெரிய குக்கும் அவர் மனைவியும் அந்தச் சண்டையை மனப்பாடமாகச் சொல்வார்கள். கடை மூடிய ஒரு நத்தார் இரவில், குசினியில், இருவரும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அதை நடித்துக் காட்டினார்கள். நான் சிரித்த சிரிப்பு இன்னும் வயிற்றில் இருக்கிறது. மார்வினும் கிம்மும் பாடிய 'இட் டேக்ஸ் டூ'வையும் அந்தத் தட்டில் ஓட்டிஸும் கார்லாவும் தங்கள் பாணியில் பாடியிருக்கிறார்கள். டெட்ரோயிட்டில் இஸ்திரி போட்ட பாட்டை மெம்ஃபிஸ் கசக்கி உடுத்த மாதிரி இருக்கும்.

ஓட்டிஸுக்கும் நேரம் இருக்கவில்லை. அதே வருடம் டிசம்பர் 10ஆம் திகதி விஸ்கொன்சினில் மொனோனா ஏரியில் விமானம் விழுந்து இறந்தார். 26 வயது. உயிரோடு இருக்கும்போது அவர் கொண்டுவந்த கடைசி ஸ்டூடியோத் தட்டு இந்தச் சோடித் தட்டுத்தான். ஸ்டாக்ஸ் இருந்த தியேட்டரை 1989இல் இடித்தார்கள்; 2003இல் அதே இடத்தில் அருங்காட்சியகம் எழுந்தது.

பெரிய குக் ஓய்வெடுத்து வின்ட்ஸருக்கே போனார். கொஞ்சக் காலம் நத்தார் அட்டை வந்தது. பிறகு நின்றது. அந்தச் சாப்பாட்டுக்கடை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. மனைவி வந்து சேர்ந்து, பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, அவர்களும் தங்கள் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். எங்கள் பேச்சுக் கசெட்டுகளை மனைவியும் நானும் சேர்ந்திருந்து கேட்டதில்லை. வெட்கம். ஆனால் எறியவும் இல்லை.

சோடித் தட்டுகள் ஏன் நிலைத்தன என்று பலர் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். மெட்டு, வாத்தியம், காதல், இளமைச் சாவு என்று காரணங்கள் அடுக்குவார்கள். சாவு காரணமாக இருக்க முடியாது. செத்தவர்களின் எல்லாத் தட்டும் நிலைக்கவில்லை. ஒன்றாக நின்று பாடியதும் காரணமில்லை. நின்று பாடாதவையே சிறந்தவையாக இருக்கின்றன. இதற்கு எதிர்ச்சாட்சியும் மோட்டவுனே வைத்திருக்கிறது. 1973இல் வந்த 'டயானா அண்ட் மார்வின்' கம்பனியின் இரண்டு பெரிய குரல்கள் சேர்ந்த தட்டு. டயானா ரொஸ் அப்போது கர்ப்பிணி, மார்வின் ஸ்டூடியோவில் புகைப்பதை நிறுத்த மாட்டார்; கடைசியில் இருவரும் தனித்தனியாகவே பாடினார்கள். பாட்டுகள் வடிவானவை, குரல்கள் அதைவிட வடிவானவை. ஆனால் இருவரும் தங்கள் தங்கள் பாட்டைப் பாடிவிட்டுப் போகிறார்கள். ஒருவர் பாடும்போது மற்றவர் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்ற எண்ணம் நமக்கு வருவதில்லை. தனித்திருந்ததில் இதற்கும் 'யுனைட்டெட்'டுக்கும் வித்தியாசமில்லை. வித்தியாசம், காதில் மாட்டிய குரலுக்கு மார்வின் ஒருமுறை பதில் சொன்னார், இன்னொருமுறை சொல்லவில்லை. தனிப்பாட்டில் கெஞ்சலாம், அழலாம், சத்தியம் செய்யலாம். மற்றவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. சோடிப்பாட்டில் பதில் பதிவாகி இருக்கிறது. ஐம்பது, அறுபது வருடம் கழித்தும் ஆட்கள் திரும்ப வருவது அந்தப் பதிலுக்காகத்தான்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தொகுப்புகளில் போய் விழவேண்டாம். தட்டை முழுதாகக் கேளுங்கள். 'யுனைட்டெட்'டில் தொடங்கி, 'கிங் அண்ட் குவீ'னுக்குப் போய், ரொபேர்ட்டாவும் டொனியும் பாடிய தட்டில் முடியுங்கள். மூன்றையும் சேர்த்தால் இரண்டு மணித்தியாலம் வராது. அப்படியே, உங்கள் வீட்டு அலுமாரியில் ஊரிலிருந்து வந்த பேச்சுக் கசெட்டுகள் கிடந்தால், நாடா ஒட்டிக்கொள்ள முதல் அவற்றைக் கணினிக்கு மாற்றி வையுங்கள். மாற்றிக் கொடுக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. நாடா அதிக காலம் தாங்காது.